தொவாவின் கூலி உழவு

கான் தோ நகரில் ஒரு காபிக் கடையின் மாடியறையில் குடியிருந்த தொவாவுக்குக் கணினி விளையாட்டுகளே பிழைப்பு. பெரிய விளையாட்டுகளில், திரையில் நமக்காகச் சண்டை போடும் ஆளை வளர்த்தெடுக்க வேண்டுமானால், ஒரே காட்டைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். அதே பன்றியை, அதே பேயை, கை மரத்துப்போகும்வரை அடிக்க வேண்டும். அந்த ஊர் ஆட்டக்காரர்கள் இதை ‘உழவு’ என்பார்கள். வயலில் கலப்பை ஓட்டுவதற்கு என்ன சொல்லோ அதே சொல்தான். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், உழ நேரமில்லாதவர்கள் எல்லாரும் தங்கள் ஆளைத் தொவாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அவள் அவர்களுக்காக உழுது, ஆளை வளர்த்துத் திருப்பிக் கொடுப்பாள். அதற்குப் பெயர் கூலி உழவு.

கூலி உழவு செய்கிறவர்கள் அந்த நகரத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் தொவாவைத் தேடி ஆட்கள் வந்ததற்குக் காரணம் வேறு. வேலையை முடித்து ஆளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த விளையாட்டைப் பற்றித் தன் அபிப்பிராயத்தையும் கைபேசியில் பேசி அனுப்பிவிடுவாள். கேட்டாலும் அனுப்புவாள், கேட்காவிட்டாலும் அனுப்புவாள்.

‘முத்துத் தோட்டம்’ என்று ஒரு விளையாட்டு வந்து ஊரே அதில் கிடந்தது. பூச்செடி வளர்க்க வேண்டும்; அவ்வளவுதான். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு நாள் திறக்காவிட்டால் செடிகள் தலை தொங்கி அழும். அதைப் பற்றித் தொவா ஒரு பல் மருத்துவருக்கு இப்படி அனுப்பினாள்: “செடி வாடுதுன்னு உங்களுக்கு மனசு கஷ்டப்படணும், அதுக்காகவே வாட வைக்கிறாங்க. இது தோட்டம் இல்லை சார், கடன்காரன். விட்டுடுங்க.” மருத்துவர் விட்டுவிட்டார். ஒரு வாடிக்கை போயிற்று. ஆனால் அவர் தம் நோயாளிகளிடம் சொல்ல, மூன்று வாடிக்கைகள் வந்தன.

மீன் சாறு விற்கும் கடை நடத்துகிற விளையாட்டு ஒன்றை இரண்டு இளைஞர்கள் சேர்ந்து செய்திருந்தார்கள். கடைப்பலகை, ஜாடி, ஈ மொய்ப்பது வரை அத்தனையும் தத்ரூபம். “எல்லாம் சரி, ஆனா வர்றவங்க ஒருத்தர்கூட பேரம் பேசலை” என்றாள் தொவா. “இதைச் செஞ்சவங்களுக்கு அவங்க அம்மாதான் சந்தைக்குப் போய் வாங்கிட்டு வர்றாங்க.” அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி அந்த இளைஞர்களிடமே போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் விளையாட்டில் ஒரு கிழவி வந்து, பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, கிடைக்காமல் திட்டிக்கொண்டே போனாள். தொவா அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தாள்.

ஒரு விளையாட்டு நல்லதா இல்லையா என்று பார்க்க அவள் வைத்திருந்த அளவுகோல் எளியது. மூடி வைத்து ஒரு வாரம் கழித்து அதில் ஓர் இடத்துக்கு வழி நினைவிருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். நினைவிருந்தால் நல்லது. படம் எவ்வளவு பளபளப்பு, எவ்வளவு பெரிய உலகம் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவள், தன் தொழிலைப் பற்றிப் பெரியவர்கள் கேட்டால் மட்டும் வாய் குழறுவாள். காரணம் இருந்தது. முன்பு ஒரு சம்பந்தம் கூடி வந்து, பாக்கு வெற்றிலைத் தட்டு வருகிற நாள் வரைக்கும் பேசி முடித்த பிறகு, பையன் வீட்டார் விசாரித்திருக்கிறார்கள். “பொண்ணு நாளெல்லாம் விளையாடிக்கிட்டிருக்காளாமே. வேலைவெட்டி ஒண்ணும் கிடையாதா?” என்று பையனின் அம்மா கேட்டு அனுப்பினாள். தட்டு வரவில்லை. தொவாவின் அண்ணன் அன்றைக்குச் சொன்னது இன்னும் அவள் காதில் இருந்தது: “வெறும் விளையாட்டு. வெறும் விளையாட்டுக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டே.”

பிறகு துவான் வந்தான். குளிர்சாதனம் பழுதுபார்ப்பவன். அவள் அறைக்கு வேலைக்கு வந்தவன், அவள் திரையில் ஒரு பாலத்தைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு திருகாணியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டான். இப்போது அவன் வீட்டுக்கு முதல் தடவையாக அவளை அழைத்துப் போகிறான். பெற்றவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

“வீட்டுலே என் வேலையைப் பத்தி என்ன சொன்னீங்க?” என்று பைக்கின் பின்னாலிருந்து கேட்டாள். வாம் காங் பாலத்தின் மேல் காற்று பலமாக இருந்தது. பழக்கூடையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“உண்மையைத்தான் சொன்னேன். கூலி உழவுன்னு.”

“ஒண்ணும் சொல்லலையா அவங்க?”

“அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்” என்றான் துவான். அதற்குமேல் பேசாமல் வண்டியை ஓட்டினான். தொவாவுக்கு நம்ப முடியவில்லை. இருந்தாலும் நெஞ்சிலிருந்து ஒரு கல் சற்று நகர்ந்தது போலிருந்தது.

வீடு வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. துவானின் அப்பா சாவ் வாசலிலேயே நின்று அவளை ஏற இறங்கப் பார்த்து, “வாம்மா, வா. வழியிலே வெயில் அதிகமோ? உனக்கென்ன, பழக்கம்தானே” என்றார். அம்மா கூடையை வாங்கிக்கொண்டு அடுக்களையைக் காட்டினாள். தொவா கையைக் கழுவிக்கொண்டு, புளிக்குழம்புக்கு அல்லித்தண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

பாதி உரித்திருப்பாள், கைபேசி அடித்தது. எடுக்காவிட்டால் ஓயாத வாடிக்கை. பின்கதவுப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு முடியாது. வேற ஒருத்தர் முன்னாடியே சொல்லி வச்சிட்டார்... அவசரப்பட்டா எப்படி? நானும் மனுஷிதானே, ஒரு ராத்திரிக்கு ஒருத்தருக்குத்தான் செய்ய முடியும்... சரி, சரி. நாளைக்கு விடிய விடிய உங்களோடதுதான். திருப்தியாப் பண்ணித் தர்றேன்.”

திரும்பினால், துவானின் அம்மா கையில் அலுமினியக் குண்டானோடு கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. “மீன் வெந்திடுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இளநீரில் வேகவைத்த பன்றிக்கறியும் முட்டையும், விரால் மீன் போட்ட புளிக்குழம்பும், முளைப்பயறு ஊறுகாயும் இருந்தன. சாவ் தாமே ஒரு முட்டையை எடுத்துத் தொவாவின் கிண்ணத்தில் வைத்தார்.

“இதுவரைக்கும் எங்கெங்கேம்மா உழுதிருக்கே?”

பெரியவர் ஒருவர் அவள் தொழிலைப் பற்றி இத்தனை ஆவலாக ஒருநாளும் கேட்டதில்லை. தொவாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“நிறைய இடம் ஐயா. மூன்று தீவுலேதான் ரொம்ப நாள்.”

“தீவா? ஆத்துத் திட்டா? எப்படி அந்த இடம்?”

“பார்க்கப் பெரிசா இருக்கும். ஆனா எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரிதான். கஞ்சியிலே தண்ணியை ஊத்திப் பெருக்கின மாதிரி. கொஞ்ச நாள்லே சலிச்சுப்போகும்.”

“வண்டல் அப்படித்தான்” என்று சாவ் தலையாட்டினார்.

“இரும்பு மலை வேற மாதிரி. ஆரம்பத்துலே உயிரை வாங்கும். கை எங்கே தப்புதோ அங்கேயே நம்மளைக் கீழே தள்ளும். ஆனா ஏமாத்தாது. விழுந்தா அது நம்ம தப்பாத்தான் இருக்கும். பழகிட்டோம்னா கொடுத்துக்கிட்டே இருக்கும்.”

“கல்லு நிலம். நம்ம மலையடிவாரத்துப் பக்கம் அப்படி உண்டு.” அவர் மனைவியைப் பார்த்தார். “கேட்டியா? மண்ணை மனுஷன் மாதிரி பேசுறா.”

மனைவி தொவாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களில் இளஞ்சிவப்புச் சாயம் இருந்தது.

“ராத்திரியிலேயும் உழுவியாமே?” என்றாள் மெதுவாக.

“ராத்திரிதான் வசதி. கூட்டம் இருக்காது.”

“வெயிலும் இருக்காது” என்றார் சாவ். “கெட்டிக்காரி. அதான் முகம் கறுக்கலை. எத்தனை குதிரை?”

“மூணு வச்சிருக்கேன் ஐயா. ஒண்ணு பறக்கும்.”

சாவ் வாயிலிருந்த சோறு தெறிக்கும் அளவுக்குச் சிரித்தார். “நல்ல பொண்ணும்மா நீ. நான் டிராக்டரைக் கேட்டேன். எத்தனை குதிரைத் திறன்?”

தொவாவின் கையில் சாப்பிடும் குச்சிகள் நின்றுவிட்டன. டிராக்டர். வண்டல். கல்லு நிலம். வாசலில் சொன்ன வெயில் பழக்கம். ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துவானைப் பார்த்தாள். அவன் விரால் மீனின் முள்ளை, அதில் ஏதோ எழுதியிருப்பது போல ஆராய்ந்துகொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

அவன் சொன்னது பொய்யில்லை. கூலி உழவு என்றுதான் சொல்லியிருக்கிறான். கேட்டவர் விவசாயி. வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

கடித்த முட்டையைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள். இந்த மனிதர் இவ்வளவு ஆசையாகப் பேசுவது தன்னிடம் இல்லை, யாரோ ஒரு டிராக்டர்காரியிடம் என்று நினைத்தபோது, வராமல் போன அந்தப் பாக்கு வெற்றிலைத் தட்டு மறுபடி கண்முன் வந்தது.

“சாப்பிட்டு முடி” என்றார் சாவ். “பின்னாடி நம்ம வயல்லே கூலி டிராக்டர் நிக்குது. ஓட்டுறவன் ஊஞ்சல்லே தூங்குறான். சும்மா ரெண்டு சால் ஓட்டிக் காட்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எல்லார்கிட்டேயும் சொல்லி வச்சிருக்கேன், என் மருமக டிராக்டர் ஓட்டுவான்னு.”

“அப்பா, வெயிலா இருக்கு...” என்று ஆரம்பித்தான் துவான்.

“ஓட்டட்டும்” என்றாள் அம்மா. “நானும் பார்க்கணும்.”

வரப்பில் நடக்கும்போது துவான் அவள் பக்கத்தில் வந்து, “அப்பா முகம் அப்படி மலர்ந்துடுச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரலை” என்று முணுமுணுத்தான்.

“மலர்ந்ததை வாட வைக்கிற வேலையை எனக்குக் கொடுத்துட்டீங்க.”

டிராக்டர் வயல் ஓரத்தில் சேறு அப்பி நின்றது. தொவா படியில் ஏறி இருக்கையில் உட்கார்ந்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது. விசித்திரம் என்னவென்றால், எதை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பழ வியாபாரி ஒருவருக்காக டிராக்டர் ஓட்டும் விளையாட்டு ஒன்றில் ஒரு பருவம் முழுக்க உழுதிருக்கிறாள். கிளட்சை மிதிப்பது, கியரைப் போடுவது, கலப்பையை இறக்குவது எல்லாம் மனப்பாடம். நல்ல விளையாட்டுதான், சேறு மட்டும் சக்கரத்தில் ஒட்டாது. இரண்டு சால் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றே தோன்றியது. வாய்க்காலுக்கு அப்பால் இரண்டு பேர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியைப் பிடித்தாள்.

அப்போதுதான் ‘வெள்ளி வாள்’ நினைவுக்கு வந்தது. அந்த விளையாட்டை அவள் ஒருநாளும் மன்னித்ததில்லை. திறந்ததும் நம் ஆளுக்குச் சிறகு, கவசம், மலையைப் பிளக்கிற வாள் எல்லாம் கொடுத்துவிடும். பத்து நிமிடம் பறக்கலாம். அதற்குப் பிறகு ஓர் அடி விழும். கந்தல் துணியோடு குடிசையில் கண்விழிப்போம். அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பப் பெறுவதற்காக மீதி நாளெல்லாம் உழ வேண்டும். வாங்குகிறவனை முதலில் மயக்கிவிட்டு அப்புறம் அலைக்கழிக்கிற விளையாட்டு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்று இரண்டு சால். அடுத்த பருவத்துக்கு முழு வயல். அதற்குப் பிறகு?

தொவா சாவியை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

“ஐயா, எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. நான் நிலத்தை உழலை. கணினியிலே விளையாட்டை உழறேன். மத்தவங்களுக்காக விளையாடி, அவங்க ஆளை வளர்த்துக் கொடுப்பேன். மூன்று தீவு, இரும்பு மலை எல்லாம் விளையாட்டோட பேரு. அவர் பொய் சொல்லலை. எங்க ஆளுங்க அதையும் உழவுன்னுதான் சொல்வோம். நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்கன்னு சாப்பிடும்போதுதான் எனக்குத் தெரிஞ்சுது.”

சாவ் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அவர் மனைவி இரண்டடி முன்னால் வந்தாள்.

“அப்போ ராத்திரி வேலை?”

“அதுவும் விளையாட்டுதான் அம்மா.”

“அடுக்களையிலே யார்கிட்டேயோ பேசினியே. ‘ஒரு ராத்திரிக்கு ஒருத்தர்’னு. ‘நாளைக்கு விடிய விடிய உங்களோடது’ன்னு. நான் என் காதாலே கேட்டேன்.”

தொவா தான் பேசியதை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். வயலில் ஒரு பள்ளம் திறந்து தன்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. துவான் இருமினான்.

பேசி விளக்க முடியாது என்று கண்டு, அந்த எண்ணையே அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, கைபேசியை நீட்டிப் பிடித்தாள். வாய்க்கால் வரைக்கும் கேட்கிற ஒரு பெண் குரல் வந்தது.

“என்னடி தொவா, மனசு மாறிட்டியா? இன்னைக்கே பண்ணிக் கொடு தாயே. என் ஆளு இன்னும் அந்தப் பாலத்துலேயே நிக்கிறான். அந்தக் கொம்பு வச்ச பேய் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, என்னாலே ஆகலை. இங்கே தவளை தோலுரிக்கிறதா, பேயை அடிக்கிறதா சொல்லு.”

“லாய் அக்கா, நீங்க யாரு, என்ன பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க. பக்கத்துலே என் மாமியார் ஆகப்போறவங்க இருக்காங்க.”

குரல் சட்டென்று பணிவாக மாறியது. “வணக்கம் அம்மா. ஓ மோன் சந்தையிலே தவளை விக்கிறேன். ரெண்டு பேரன் எனக்கு. அவனுங்கதான் இந்தக் கருமத்தைப் பழக்கிவிட்டாங்க. தொவா நல்ல பொண்ணும்மா. வாய் மட்டும்தான். நான் ஆசையா வாங்கின விளையாட்டையெல்லாம் குப்பைன்னுடுவா. பார்த்தா அவ சொல்றதுதான் சரியா இருக்கும். குதிரைக்குத் தீனி போட்டியாடி?”

“போட்டேன் அக்கா.”

அம்மா வரப்பிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். கழுத்துத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“விளையாட்டுதானா?” என்றாள்.

“விளையாட்டுதான் அம்மா.”

“வெறும் விளையாட்டு.”

“வெறும் விளையாட்டு.”

அந்தச் சொல்லைத் தொவா எத்தனையோ தடவை வசவாகக் கேட்டிருக்கிறாள். ஒருத்தி அதைச் சாமிக்கு நேர்ந்துகொண்டது பலித்தது போலச் சொல்லி மூச்சு விடுவதை இப்போதுதான் கேட்டாள்.

“உன்னைச் சொல்லணும்” என்று அம்மா மகனைப் பார்த்து மண்கட்டியை எடுத்து எறிந்தாள். அவன் விலகவில்லை, தோளில் வாங்கிக்கொண்டான். “சோத்தை எப்படி முழுங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். நகச்சாயத்தைப் பார்த்தே உழவு இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்கப்பாவுக்கு எதுதான் கண்ணிலே பட்டுது?”

“மண்ணைப் பத்திச் சரியாத்தானே சொன்னா” என்றார் சாவ் முறைப்பாக. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். டிராக்டரை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டார்.

வாய்க்காலுக்கு அப்பாலிருந்து ஒருவர் கைகளை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். “என்ன சாவ் அண்ணே, மருமக ஓட்டலையா?”

சாவ் தொப்பியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “அவ ராத்திரியிலேதான் உழுவா. அவ கூலி உழவு அப்படி” என்று பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பாயில் சாப்பாடு அப்படியே இருந்தது. குழம்பைச் சுடவைத்துக் கொண்டுவந்த அம்மா, பானையின் அடியில் முறுகியிருந்த சோற்றைப் பெயர்த்து, அதன்மேல் கறிக்குழம்பை ஊற்றித் தொவாவின் முன் வைத்தாள். தொவா முழுவதையும் தின்றுவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். இவ்வளவு பசி இருந்தது அவளுக்கே அதுவரை தெரியவில்லை.

“ஏண்டி, அந்த விளையாட்டுலே எல்லாம் மாமியார் உண்டா?” என்று கேட்டாள் அம்மா.

“உண்டு. அனேகமா கடைசிக் கட்டத்துலே வருவாங்க.”

“ஜெயிக்க முடியுமா?”

“எனக்குத் தெரிஞ்சு யாரும் ஜெயிச்சதில்லை அம்மா.”

“நல்லாத்தான் செஞ்சிருக்காங்க” என்று சொல்லி, அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.